ஓரமாப் போகச் சொல்கிறவர்களுக்கு

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் சைக்கிளில் போகிறவருக்கு இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: “ஓரமாப் போங்க.” பஸ் டிரைவர் அதை ஹாரனால் சொல்வார். புல்லட்டில் போகிற தம்பி வாயால் சொல்வார். ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றியிருக்கும் கார்க்காரர் கையை ஆட்டிச் சொல்வார். வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பத்தாவும் அதையேதான் சொல்லி அனுப்புவார். இவர்களில் ஒருவராவது அந்த ஓரத்தில் இறங்கிப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். நான் காரும் ஓட்டுகிறேன், சைக்கிளும் ஓட்டுகிறேன். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கும் குன்றக்குடிக்கும், வெயில் ஏறாத காலைகளில் கானாடுகாத்தான் வரைக்கும் மிதிக்கிற ஆள். அதனால் முதலில் அந்த ஓரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்து ரோடுகளைப் புதுப்பிக்கும்போது பழைய தாரைச் சுரண்டி எடுப்பது அபூர்வம். பழையதன் மேலேயே அடுத்த பூச்சு. ரோடு இப்படி வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே போகும்; பக்கத்துச் செம்மண் ஐப்பசி மழையில் கரைந்து இறங்கிக்கொண்டே போகும். இடையில் நாலு விரல்கடை முதல் ஒரு சாண் வரை பள்ளம். காருக்கு இது ஒரு குலுக்கல். சைக்கிளுக்கு அப்படி இல்லை. சக்கரம் ஒருமுறை கீழே இறங்கிவிட்டால், ஓட்டிக்கொண்டே திரும்ப ஏற முடியாது. டயரின் பக்கம் தார் விளிம்பில் உரசி மாட்டும். வண்டி ரோட்டுப் பக்கமாகவே சாயும். பின்னால் லாரி வந்தால் அதன் சக்கரத்துக்கு நேராகப் போய் விழ வேண்டியதுதான். ஓரத்துக்கு இறங்கச் சொல்கிறவர் இந்த விழுகையைத்தான் சிபாரிசு செய்கிறார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்தது முள். சிவகங்கை மாவட்டத்துக்காரருக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கண்மாய்க்கரை, தரிசு, ரோட்டோரம் என்று எங்கும் அதுதான். ரோட்டோரத்தில் அதை வெட்டித் தள்ளும் வாரத்தில் பஞ்சர் கடைகளில் கூட்டம் நிற்கும். அந்த முள் டயரைத் துளைத்து உள்ளே நுழைந்ததும் வெளிப்பக்கம் ஒடிந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கும். டியூபை ஒட்டிவிட்டு, டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி காற்று இறங்கும். கோட்டையூரில் நான் போகும் கடைக்காரர் அந்த நுனியைக் குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “நடுவுல போங்கண்ணே, ஓரத்துல போயிப் போயித்தான் எங்கிட்ட வர்றீங்க” என்றார். தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளும் அறிவுரை. இருந்தாலும் இதுவரை எனக்குக் கிடைத்ததில் இதுதான் உருப்படியானது.

பிறகு வேகத்தடை. நம்மூர் வேகத்தடைகள் ரோட்டின் முழு அகலத்துக்கும் இருப்பதில்லை; ஓரத்தில் ஒரு முழம் விட்டிருப்பார்கள். அந்தச் சந்துக்குள் சைக்கிளும் நுழையப் பார்க்கும், பைக்கும் நுழையப் பார்க்கும், பின்னால் ஸ்கூட்டியும் வரும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வேகத்தடைக்கு முன்னால் நின்று பாருங்கள். வேகத்தைக் குறைக்கப் போட்ட மேட்டில் எல்லோரும் வேகத்தைக் குறைக்காமல் ஒரே சந்தை நோக்கிச் சாய்வார்கள். மஞ்சள் பட்டையாக வரிசையாகப் போடும் அதிர்வுத்தடை இன்னும் மோசம். ஹேண்டில்பாரில் தூக்குவாளியையும் கேரியரில் சித்தாள் சட்டியையும் வைத்துக்கொண்டு போகிற கொத்தனார், தவிர்க்க முடியாமல் விளிம்புக்கு ஒதுங்குவார். அங்கே பள்ளம்.

ஊருக்குள் வந்தால் ஓரம் இன்னொரு அவதாரம் எடுக்கிறது. செக்காலை ரோட்டில் ஓரம் என்றால் நிறுத்தி வைத்த கார்கள்தான். அந்த வரிசையை ஒட்டிப் போகிற சைக்கிளுக்கு முன்னால் திடீரென்று ஒரு கதவு திறக்கும். கதவு திறந்தால் கிட்டத்தட்ட மூன்றடி வெளியே வரும். பிரேக் பிடிக்க நேரமே இருக்காது. கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. வண்டியை இடப்பக்கம் நிறுத்தியதும் டிரைவர் கதவை வலது கையால் திறக்காதீர்கள், இடது கையால் திறங்கள். அந்தக் கைப்பிடிக்கு இடது கை எட்ட வேண்டுமானால் உடம்பு தானாகத் திரும்பும், கண்ணும் பின்னால் போகும். காசு செலவில்லாத விஷயம். நான் பழகிக்கொண்டேன், ஒரு வாரம் சிரமமாக இருந்தது, அப்புறம் கை தானாகப் போய்விடுகிறது.

சரி, ஓரம் வேண்டாம் என்றால் எங்கே போவது? தாரின் விளிம்பிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உள்ளே. நிறுத்தி வைத்த கார்கள் இருந்தால் அவற்றிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி. அங்கே நேர்கோட்டில், ஒரே சீராக. ஓரமாகப் போகும் சைக்கிள் உண்மையில் ஓரமாகப் போவதில்லை. பள்ளம் வந்தால் உள்ளே வரும், நல்ல இடம் வந்தால் வெளியே போகும், நிற்கிற வண்டியைச் சுற்றிக்கொண்டு திடீரென்று நடுவுக்கு வரும். கார் ஓட்டுகிறவனாகச் சொல்கிறேன்: என்னைப் பதறவைப்பது இந்த நெளிவுதான். இரண்டடி உள்ளே நேராகப் போகிறவர் என்றைக்கும் என்னைப் பதறவைத்ததில்லை. தூரத்திலேயே கண்ணில் படுவார், அடுத்து என்ன செய்வார் என்பதும் தெரிந்திருக்கும்.

இதைச் சொன்னால் உடனே வருகிற கேள்வி: “அப்ப நாங்க எப்படிப் போறது?” நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் கிராமத்து ரோடுகளில் பல ஒற்றை வழி, அதாவது ஒரு வண்டி போகும் அகலம்தான். அதற்கான நிலையான அகலம் 3.75 மீட்டர். ஒரு பஸ்ஸின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். மீதி ஒன்றே கால் மீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பார் அரை மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விளிம்பில் போகிற பஸ்ஸுக்கும் விளிம்பில் போகிற சைக்கிளுக்கும் நடுவே மிஞ்சுவது, காற்றடித்தால் காணாமல் போகிற இடைவெளி. ஆத்தங்குடிப் பக்கத்து ரோட்டில் பஸ்காரர் “ஓரமாப் போ” என்றால் ரோட்டைவிட்டு இறங்கு என்றுதான் பொருள். வேறு எப்படியும் அந்தக் கணக்கு நேராகாது. இரண்டு வழி ரோட்டில், அதாவது ஏழு மீட்டர் அகலத்தில், நிலைமை பரவாயில்லை. ஆனால் அங்கும் ஒழுங்காக முந்த வேண்டுமானால் பெரிய வண்டி நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டித்தான் ஆக வேண்டும். எதிரே வண்டி வந்தால் காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் அதன் பின்னாலேயே ஊர்ந்தால் 24 வினாடி. அறுபதில் போயிருந்தால் 6 வினாடி. நஷ்டம் 18 வினாடி. கொப்புடையம்மன் கோவில் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கு இதைப்போல எத்தனை மடங்கு செலவழிக்கிறோம்!

முந்தும்போது எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஜெர்மனியில் சட்டத்திலேயே அளவு போட்டு எழுதிவிட்டார்கள்: ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். பிரான்ஸில் ஒன்று, ஒன்றரை. நம் விதிகளில் அப்படி அடிக்கணக்கு கிடையாது. ஆனால் 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடந்துபோகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கின்றன. லைசென்ஸ் வாங்கும்போது இதை யாரும் நம்மிடம் கேட்பதில்லை. எட்டுப் போட்டால் போதும்.

இன்னொரு பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். சைக்கிளுக்குச் சட்டமே கிடையாது என்ற எண்ணம் நம்மிடம் பலமாக இருக்கிறது. பாதி உண்மை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. எனவே லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ், கட்டாய ஹெல்மெட் எதுவும் அதற்கு இல்லை. மோட்டார் வைத்த சைக்கிள்கூட, 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் பொதுவழியில் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டினால் தண்டனை என்று சொல்லும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு மோட்டார் வண்டி என்று பிரிக்கவில்லை. எந்த வண்டியானாலும் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது சைக்கிளும் ஒரு வண்டி. வண்டிக்குரிய இடமும் அதற்கு உண்டு, வண்டிக்குரிய பொறுப்பும் உண்டு.

எங்கள் அப்பச்சி காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பஞ்சாயத்துக்கும் முனிசிபாலிட்டிக்கும் சைக்கிள் வரி கட்டித் தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். ராத்திரி லைட் இல்லாமல் போனாலோ டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். மண்ணெண்ணெய் விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டு மிதிப்பதே தனி வித்தை என்பார் அப்பச்சி. அந்தக் கெடுபிடி திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வில்லைக்கு வரி கட்டிய காலத்தில் ரோட்டில் சைக்கிளுக்கு ஒரு மதிப்பு இருந்தது என்பதை மட்டும் கவனிக்கிறேன். வாத்தியாரும் கணக்குப்பிள்ளையும் கடை முதலாளியும் சைக்கிளில் போனார்கள். இப்போது யார் போகிறார்கள்? ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர், டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், கீரைக்கட்டு விற்கிறவர், அரசுப் பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற சில பெரியவர்கள். ஹாரன் அடிக்கிறவருக்கு முன்னால் போகிறவரைப் பார்த்ததுமே இவர் ஒதுங்குவார் என்று தெரிந்துவிடுகிறது. கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிய வீடுகளில் தங்கும் வெள்ளைக்காரர்கள் அங்கே தரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் நடுநாயகமாகப் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் நம் ஆட்கள் ஹாரன் அடித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டு, மெதுவாக, நிறைய இடம் விட்டு முந்துவார்கள். அதே தெரு, அதே வண்டி, அதே டிரைவர்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவின் பெரிய சைக்கிள் கம்பெனிகளில் ஒன்று இந்த மண்ணின் குடும்பத்துடையது. பள்ளத்தூர் முருகப்பா குடும்பம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949-இல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது, தொழிற்சாலை அம்பத்தூரில். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அங்கிருந்து வந்தவை. இன்னொரு பெருமை பக்கத்துப் புதுக்கோட்டைக்கு. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. குவாரியில் வேலை செய்தவர்களும் வயல்வேலைக்காரர்களும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று பலர் அதையே விரும்பவும் செய்தார்களாம். அவர்களின் பேத்திகள் இன்று அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகிறார்கள். அந்த வண்டியைக் கொடுக்க விழா எடுக்கிறோம், மேடை போடுகிறோம். கொடுத்த வண்டி போகிற ரோட்டில் ஒரு கோடுகூடப் போடுவதில்லை. சைக்கிள் பாதையை எப்படி அமைக்க வேண்டும் என்று, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே வழிகாட்டி நூல் போட்டுவிட்டது. அது பாட்டுக்கு இருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்டே போகிறார்கள் என்பது கார்க்காரர்களின் நிரந்தரக் குறை. பைபாஸில் அப்படிப் போவதை நானும் ஆதரிக்க மாட்டேன். மற்ற இடங்களில் மனசு வராது. நாள் முழுக்க வாயைக் கட்டிப் போட்ட பிள்ளைகளுக்குப் பேசக் கிடைக்கிற நேரம் அது. போதாக்குறைக்கு, நீள வரிசையாகப் போகும் ஆறு சைக்கிளை முந்துவதைவிட, இரண்டிரண்டாகப் போகும் ஆறு சைக்கிளை முந்துவது சீக்கிரம் முடிகிற வேலை.

நான் உண்மையிலேயே கோபப்படும் பழக்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று, எதிர்ப்பக்கத்தில் ஓட்டுவது. “எதுத்தாப்புல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியுமில்ல?” என்று காரணம் சொல்வார்கள். நடக்கிறவருக்கு அது சரி, ரோட்டின் வலப்பக்கமாக எதிர்வண்டியைப் பார்த்துக்கொண்டு நடக்கத்தான் வேண்டும். சைக்கிளுக்குக் கணக்கு வேறு. 60-இல் வரும் கார் பின்னாலிருந்து உங்களை நெருங்குவது 45 கிலோமீட்டர் வேகத்தில்; எதிரே வந்தால் 75. அதுவும் திருப்பத்தில் இருந்து வெளிப்படுகிற பைக்காரர் அந்தப் பக்கம் ஓர் ஆள் வருவார் என்று கனவிலும் நினைக்க மாட்டார். இன்னொன்று, கை காட்டாமல் வலப்பக்கம் திரும்புவது. திரும்பிப் பார்த்து, கையை நீட்டி, இடைவெளி கிடைத்ததும் மெதுவாக நடுவுக்கு வந்து, பிறகு திரும்பினால் பின்னால் வருகிறவர் யாரானாலும் வழிவிடுவார். கை நீட்டப் பயமாக இருந்தால் இடப்பக்கம் இறங்கி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத் தள்ளிக்கொண்டு கடக்கலாம். அவமானம் ஒன்றும் இல்லை. நூறடி ரோட்டில் சாயங்காலம் நான் அப்படித்தான் கடக்கிறேன்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் ஊர்களின் தெருக்கள் அளந்து போட்டவை. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், கடியாபட்டி எதை எடுத்தாலும் நேர்நேரான அகலத் தெருக்கள், சதுரங்கக் கட்டம் மாதிரி. வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டின் வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் நெடுக மதில்தான். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் இந்த ஊர்கள் இடம்பிடித்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். சைக்கிளுக்கு இதைவிட நல்ல தெரு கிடையாது. முச்சந்தி, நாற்சந்தி வருகிற வரைக்கும். வீட்டு மதில் மூலை வரை வந்து முடிவதால், குறுக்குத் தெருவில் என்ன வருகிறது என்பது முன்சக்கரம் சந்திக்குள் நுழைந்த பிறகுதான் தெரியும். பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் தெரு காலியாக இருக்கும் என்ற தைரியத்தில் பைக்குகள் பறக்கும். சனி, ஞாயிறுகளில் வெளியூர் வேன்கள் வேறு. வண்டி ஓட்டிக்கொண்டே முகப்புச் சுதைச் சிற்பங்களைப் பார்ப்பார்கள். குற்றம் சொல்ல முடியாது, பார்க்கத்தானே வந்தார்கள்.

சிக்னலோ போலீசோ பலகையோ இல்லாத சந்தியில் யார் முதலில் போவது? விதி இருக்கிறது: உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் பழைய சாலை விதிகளிலும் இதேதான். எங்கள் தெருவில் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். “பெரிய வண்டிக்குத்தான் வழி” என்றார் ஒருவர். “முதல்ல ஹாரன் அடிச்சவனுக்கு” என்றார் மற்றொருவர். டிரைவிங் ஸ்கூலில் போன வருஷம் படித்த பையனுக்கும் தெரியவில்லை. தெரியாததால் எல்லோரும் ஹாரனை நம்புகிறார்கள். சைக்கிளில் இருப்பது மணி மட்டும். மூலைக்கு மூலை ஒரு குவிகண்ணாடி வைத்தால், அதாவது வளைவுகளில் வைக்கும் அந்த வட்டக் கண்ணாடியை வைத்தால், மதிலைத் தொடாமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஹாரன் என்றதும் தனியார் பஸ்கள். இசைக்கிற மாதிரி பல ஸ்வரங்களில் ஒலிக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி தடைசெய்கிறது. தடை புத்தகத்தில் இருக்கிறது, ஹாரன் பஸ்ஸில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் அது அலறும்போது சைக்கிளில் போகிறவர் அனிச்சையாக வலத்தோள் வழியே திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு கை வரும், வண்டி வலப்பக்கம் சாயும். ஒதுங்கச் சொல்லி அடித்த ஹாரனே ஆளை நடுரோட்டுக்கு இழுக்கிறது. தூரத்திலேயே ஒரு சின்ன ஹாரன் போதும். எனக்குப் பழக்கமான டிரைவர் ஒருவரிடம் டீக்கடையில் இதைச் சொன்னேன். “நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நிமிசக் கணக்கு இருக்கு. ரெண்டு நிமிசம் பிந்துனா பின்னாடி வர்றவன் நம்ம ஆளையும் ஏத்திட்டுப் போயிருவான். கலெக்‌ஷன் கொறஞ்சா கேள்வி எனக்குத்தான்” என்றார். அவரைத் திட்டிப் பயனில்லை. அந்த நிமிசக் கணக்கைப் போடுகிறவர்கள் என்றைக்கும் பஸ்ஸின் முன்சீட்டில் உட்காருவதில்லை.

ராத்திரிக்கு வருவோம். இங்கே நான் சைக்கிள்காரர்கள் பக்கம் அவ்வளவாக நிற்க மாட்டேன். மணிக்கு 80-இல் போகும் கார் வினாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. ஆளைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி. அதிலேயே 33 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க இன்னும் நாற்பது மீட்டர் வேண்டும். மொத்தம் எழுபது சொச்சம். ஹெட்லைட் கீழ்நோக்கி, டிம்மில் இருக்கும்போது வெளிச்சம் உருப்படியாக விழுவது நாற்பது, ஐம்பது மீட்டர்தான். கறுப்புச் சட்டை, துருப்பிடித்த மட்கார்டு, உடைந்த சிவப்பு வில்லை என்று ஒருவர் போனால், எவ்வளவு நல்லவர் ஓட்டினாலும் அந்த வேகத்தில் நிறுத்த முடியாது. எதிரே வருகிறவர் பிரைட்டைத் தணிக்காமல் வந்தால் அந்த ஐம்பது மீட்டரும் இல்லை. எதிர்வண்டி வரும்போது டிம் செய்ய வேண்டும் என்பது விதி. நம் பக்கத்தில் அதை மரியாதைக்குச் செய்கிற காரியமாக நினைக்கிறோம், தெரிந்தவர் வண்டியென்றால் மட்டும்.

திருப்பி ஒளிரும் வில்லை இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அதே டிம் வெளிச்சத்தில், ஆள் தெரிவதற்கு வெகு முன்பே அது மினுங்கும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பெடலிலும் சக்கரத்திலும் வில்லைகள் என்று சைக்கிள்களுக்கான தர ஆணை ஒன்றை ஒன்றிய அரசு 2020-இல் வெளியிட்டது. பெடலில் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. மேலும் கீழும் போய்வருவதால் அது சைக்கிள்தான் என்று கார் ஓட்டுகிறவரின் மூளை உடனே கண்டுபிடித்துவிடும். புது வண்டி வாங்கியதும் “அழகைக் கெடுக்குது” என்று முதல் காரியமாக அதைக் கழற்றுகிற பையன்களை என்ன சொல்வது?

இத்தனைக்கும் ரோட்டைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரியாத ஊர் இல்லை இது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் என்று பழனியை நோக்கி நகரத்தார் காவடியும் ஆயிரக்கணக்கான பாதயாத்திரைக்காரர்களும் நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில். முதுகில் பையோடு, காலில் கொப்புளத்தோடு, தூக்கக் கலக்கத்தில், விளிம்பில் ஓர் ஒழுங்கும் இல்லாமல் போகிறவர்கள். அந்த நாட்களில் இதே பஸ் டிரைவர்கள் வண்டியை ஊரவிடுகிறார்கள். லைட்டைத் தணிக்கிறார்கள். ஹாரனைத் தொடுவதில்லை, காவடி வந்தால் நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நிமிசக் கணக்கு எங்கே போயிற்று? ஒருவரும் கேட்பதில்லை. விபத்தே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. வெளியூர் வண்டிகளால் அந்த நாட்களிலும் சாவுகள் நடந்திருக்கின்றன. ஆனால் வேகத்தைக் குறைப்பது, இடம் விடுவது, பொறுத்திருப்பது மூன்றும் நம் டிரைவர்களுக்குக் கைவந்த கலை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நடக்கிறவர் முருகனிடம் போகிறார் என்பதற்காகச் செய்கிறார்கள். பட்டறைக்குப் போகிறவருக்கும் செய்யலாம். 2022-இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடுதான்: 64,105. செத்துப்போனவர்கள் 17,884 பேர்.

அடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் பலர் இழக்கிறார்கள். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்; மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு எஃப்ஐஆர் வேண்டும். நிற்காமல் போன வண்டியின் நம்பர் தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் உச்சவரம்பு வரை, காசு கேட்கக் கூடாது. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவரைச் சட்டம் தொந்தரவு செய்யாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு அதற்காகவே 2019-இல் வந்தது. “போலீசு, கோர்ட்டுன்னு அலையணும்” என்று சுற்றி நின்று பார்க்கத் தேவையில்லை.

ஒளிரும் வில்லை விஷயத்தில் ஒரு சின்ன வசதி நம் ஊரில் இருக்கிறது. பாதயாத்திரைக்காரர்களின் பையில் ஒட்டுவதற்காக சிவப்பு ஒளிர் ஸ்டிக்கரை ரோல் ரோலாக வாங்குவார்கள். பூசம் முடிந்தபின் மிச்சம் கிடக்கும். முள்ளை உள்ளங்கையில் வைத்த அதே கடைக்காரர் ஒரு மண்டகப்படிக்காரரிடம் கேட்டு வாங்கி, பஞ்சருக்கு வரும் வண்டிகளின் பின் மட்கார்டில் துண்டு துண்டாக ஒட்டி அனுப்புகிறார். காசு வாங்குவதில்லை. கேட்காமலே ஒட்டிவிடுவதால் சில பையன்களுக்குக் கோபம்தான். போன வாரம் என் கார் டிக்கியிலும் ஒன்று ஒட்டிவிட்டார். அது எதற்கு என்று கேட்டதற்கு, “ரோல்ல மிச்சம் இருந்துச்சுண்ணே” என்றார்.